ஊர்மாறாட்டம்: சீனச் சமர்களுக்குத் தமிழில் பெயர் வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் குழுவினருக்கும், கலைக்களஞ்சியத் தொகுப்பாளர்களுக்கும், உலக வரலாற்றைத் தமிழில் பெயர்ப்போருக்கும், அதை அச்சேற்றும் பதிப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

'ஜின்ஜோ சமர்' என்றொரு தலைப்பு உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஜின்ஜோ? 1894 நவம்பர் 6 அன்று ஜப்பானின் இரண்டாம் படை லியாவோதொங் தீபகற்பத்தின் தென்பகுதியில் பிடித்த கோட்டை நகரா? 1948 அக்டோபர் 15 அன்று கம்யூனிஸ்ட் தளபதி லின் பியாவோவின் படையிடம் வீழ்ந்த, மஞ்சூரியாவின் வாசலான ரயில் நகரா? ஆங்கில நூல்களில் இன்று இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. சரி, மாகாணத்தை வைத்துப் பிரித்துவிடலாம் என்றால், இரண்டுமே லியாவோநிங் மாகாணத்தில்தான் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. நடுவில் ஒரு வளைகுடா.

சீன எழுத்தில் பார்த்தால் இந்தக் குழப்பமே கிடையாது. முதல் ஊரின் 'ஜின்' என்பது பொன். இரண்டாம் ஊரின் 'ஜின்' என்பது சரிகைப் பட்டு. தொனியும் வேறு: பொன்னுக்கு உயரத்தில் சமமாக நிற்கும் முதல் தொனி, பட்டுக்குத் தாழ்ந்து எழும் மூன்றாம் தொனி. ரோமன் எழுத்தில் தொனிக்குறி உதிர்ந்தவுடன் பொன்னும் பட்டும் ஒன்றாகிவிடுகின்றன. இதில் வேடிக்கை, நூறாண்டுக்கு முந்தைய அஞ்சல்துறை எழுத்துக்கூட்டில் இவை கின்சௌ, சின்சௌ என்று தனித்தனியாகவே இருந்தன. புதிய முறைக்கு மாற்றியபோதுதான் கலந்தன. பழைய நூலில் கின்சௌ என்று படித்து, புதிய முறைப்படி ஜின்ஜோ என்று திருத்தி, நிலப்படத்தில் வடக்கே இருக்கிற ஜின்ஜோவில் புள்ளி வைத்துவிட்டால் தவறு கண்ணுக்கே தெரியாது. எழுத்துக்கூட்டு சரி, ஊர் தவறு.

1904 மே மாத நான்ஷான் சமர் நடந்தது பொன் ஜின்ஜோவுக்குப் பக்கத்தில். 1641–42இல் மஞ்சுக்களின் சிங் அரசுப் படைகள் முற்றுகையிட்டதும், 1932 ஜனவரி 3 அன்று ஜப்பானியர் புகுந்ததும் பட்டு ஜின்ஜோவில். கி.பி. 219இல் தளபதி குவான் யூ இழந்த ஜிங்ஜோ இவ்விரண்டும் இல்லை. அது யாங்சி ஆற்றங்கரையில், ஹுபெய் மாகாணத்தில் இருக்கிறது. அதன் முதல் எழுத்துக்கு முட்புதர் என்று பொருள்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. ரோமன் எழுத்துக்கூட்டை மட்டும் பார்த்து எந்தச் சமருக்கும் தமிழில் பெயர் வைக்காதீர்கள். அது பெயரின் நிழல். எந்த விளக்கு, எந்தப் பக்கமிருந்து விழுந்த நிழல் என்று தெரியாவிட்டால் ஆளை அடையாளம் காண முடியாது.

விளக்குகள் என்று சொல்வது சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறைகளை. அவை முதன்மையாக மூன்று. தாமஸ் வேட் 1867இல் வகுத்து, ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1892இல் தம் அகராதிக்காகச் செம்மைப்படுத்திய முறை ஒன்று. 1906இல் ஷாங்காயில் கூடிய அஞ்சல்துறை மாநாடு உறுதிசெய்த ஊர்ப்பெயர்கள் இரண்டாவது. 1958 பிப்ரவரி 11 அன்று சீன அரசு ஏற்ற பின்யின் மூன்றாவது. பின்யினை ஐ.நா.வின் இடப்பெயர் மாநாடு 1977இல் ஏற்றது. 1979 ஜனவரி 1 முதல் சீனச் செய்தி நிறுவனம் தன் ஆங்கிலச் செய்திகளில் அதையே எழுதத் தொடங்கியது. 1982இல் அது பன்னாட்டுத் தர நிர்ணயமாயிற்று. ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஆங்கில நூல் 1979க்கு முன்பு அச்சானதா, பின்பு அச்சானதா என்பதை முதலில் பாருங்கள். பழைய நூலின் மறுபதிப்பென்றால் இரண்டு முறைகளும் கலந்தே கிடக்கும்: உள்ளே பழையது, நிலப்படத்தில் புதியது.

முறையை அடையாளம் காண்பது கடினமில்லை. அசைகளுக்கு நடுவே சிறுகோடும் மேற்புள்ளியும் (’), சொல் தொடக்கத்தில் எச்-எஸ் என்ற இரட்டையும் இருந்தால் வேட்-ஜைல்ஸ். கியாங், சௌ, கிங், ஃபூ என்று முடிந்தால் அஞ்சல் முறை. கியூவும் எக்ஸும் இஸட்-எச்சும் தென்பட்டால் பின்யின். கடைசியில் ஒட்டும் 'ஃபூ' தனி ஊரல்ல, கோட்டத் தலைநகர் என்பதைக் குறிக்கும் ஒட்டு. முதல் அபினிப் போரில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் சென்ற இடங்களைப் பழைய ஆவணங்களில் தேடுவோர் 'சின்கியாங்ஃபூ' என்று பார்ப்பார்கள். அது இன்றைய ஜென்ஜியாங் நகர், 1842 ஜூலை 21 சமர் நடந்த இடம். அதை ஜெஜியாங் மாகாணம் என்றோ, தெற்கே கடற்கரையில் உள்ள ஜான்ஜியாங் என்றோ எழுதினால் சிப்பாய்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டதாக ஆகும். மதராஸ் 37ஆம் படைப்பிரிவின் ஒரு குழு 1841 மே இறுதியில் மழையில் துப்பாக்கி நனைந்து சிக்கிக்கொண்ட சான்யுவான்லி, கேன்டன் எனப்பட்ட குவாங்ஜோ நகரை ஒட்டிய ஊர். அங்கேயும் கேன்டன் என்றால் நகரா மாகாணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாகாணம் குவாங்தொங்.

பழைய முறையிலிருந்து புதியதற்கு ஒரு சூத்திரம் போட்டு மாற்றிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். வேட்-ஜைல்ஸிலிருந்து மாற்றலாம், மேற்புள்ளிகள் உதிராமல் இருந்தால். அஞ்சல் முறையிலிருந்து முடியாது. சின்கியாங் என்பதில் உள்ள 'சின்' ஜென் ஆகிறது. சின்சௌ என்பதில் உள்ள அதே 'சின்' ஜின் ஆகிறது. சின்வாங்தாவோ என்ற துறைமுகத்தின் 'சின்' சின்னாகவே நின்று சின்ஹுவாங்தாவோ ஆகிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். சினான் என்று பழைய நூலில் வருவது ஜினான், ஆனால் சிங்டாவ் என்று வருவது சிங்தாவோ: டி-எஸ் இரட்டை ஒரு ஊரில் ஜகரமாகவும் இன்னொரு ஊரில் சகரமாகவும் விரிகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடித்தான் ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

மேற்புள்ளியைப் பற்றி ஒரு சொல். வேட்-ஜைல்ஸில் அது மூச்சைக் குறிக்கிறது: புள்ளி இருந்தால் மூச்சுடன் கூடிய ஒலி, இல்லாவிட்டால் மூச்சில்லா ஒலி. பின்யினில் அதே புள்ளி அசையைப் பிரிக்கிறது. 1936 டிசம்பர் 12 அன்று தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக் சிறைப்பட்ட ஷீஆன் இரண்டு அசை. புள்ளியை விட்டுவிட்டால் 'ஷியென்' என்ற ஓரசைச் சொல்லாகிவிடும். வட்டம் என்ற பொருளுடைய நிர்வாகச் சொல்லும் அதே எழுத்துக்கூட்டுதான். அச்சகத்தில் புள்ளி பறிபோவது வழக்கம். அப்படிப் பறிபோனால் வேட்-ஜைல்ஸ் நூலில் 1943 நவம்பர்–டிசம்பரில் பெரும் சமர் நடந்த ஹுனானின் சாங்தெவும், ஹெனானில் உள்ள ஆன்யாங்கின் பழைய பெயரான ஜாங்தெவும் ஒன்றாகிவிடும். இவற்றுக்குப் பக்கத்திலேயே 1933 மார்ச்சில் ஜப்பானியர் கைப்பற்றிய ரெஹெ மாகாணத் தலைநகர் செங்தெவும், சிச்சுவானின் செங்துவும் வந்து நின்றுகொள்ளும். நான்கையும் தமிழில் 'சாங்டே' என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் சாங்தெ, ஜாங்தெ, செங்தெ, செங்து என்று எழுதத் தமிழ் எழுத்து இடம் கொடுக்கிறது. கொடுத்த இடத்தைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம் சூஜோ. பின்யினில் ஒரே எழுத்துக்கூட்டுடன் மூன்று சூஜோக்கள் போர் வரலாற்றில் வருகின்றன. ஜியாங்சு மாகாணத்துப் பட்டு நகரான சூஜோ 1863 டிசம்பரில், சிங் அரசை எதிர்த்துக் கிளர்ந்த தைப்பிங் படையிடமிருந்து அவ்வரசின் கைக்குத் திரும்பியது. சரணடைந்த தைப்பிங் தலைவர்களைச் சிங் தளபதி லி ஹோங்ஜாங் கொன்றது அங்கேதான். ஏறக்குறையப் பத்து ஆண்டு கழித்து, 1873 நவம்பரில், இன்னொரு சிங் தளபதி ஜுவோ ஜோங்தாங் நீண்ட முற்றுகைக்குப் பின் பிடித்த சூஜோ வடமேற்கே கான்சு மாகாணத்தில், பாலைவன விளிம்பில் இருக்கிறது. இன்றைய பெயர் ஜியுச்சுவான். மூன்றாவது சூஜோ ஆன்ஹுவெய் மாகாணத்தில். 1948 நவம்பர் நடுவில் கம்யூனிஸ்ட் படை அதைப் பிடித்து ரயில் பாதையை வெட்டியதால்தான் ஹுவாய்ஹாய் போர்த்தொடரில் தேசியவாதப் படை வடக்கே அடைபட்டது. அப்படி அடைபட்ட வடக்கு நகர் ஷ்யூஜோ. 1938இல் தையெர்ஜுவாங் வெற்றியை உள்ளடக்கிய பெருஞ்சமர் அந்த ஷ்யூஜோவைச் சுற்றி நடந்தது. அந்தக் கால ஆங்கிலத் தந்திச் செய்திகள் அதையும் 'சூசௌ' என்றே எழுதின! ஆக, ஒரே பட்டியலில் 'சூசௌ சமர் 1938', 'ஷ்யூஜோ சமர் 1938' என இரண்டு வரிசை வந்தால் அது இரண்டு சமர் இல்லை. ஒன்றை அடியுங்கள். 'சூஜோ முற்றுகை' என்று ஒரே வரிசையில் 1863உம் 1873உம் வந்தால் அதை இரண்டாகப் பிளந்துவிடுங்கள்.

இப்படி ஒரே பின்யினில் இரண்டு ஊர் கிடப்பது அரிதென்று நினைக்க வேண்டாம். ஃபூஜோ ஃபூஜியனிலும் ஜியாங்ஷியிலும் உண்டு. 1884 ஆகஸ்ட் 23 அன்று பிரெஞ்சுக் கப்பல்கள் சீனக் கடற்படையை அழித்தது முன்னதன் துறைமுகத்தில். ஜினிங் ஷாண்தொங்கிலும் உள்மங்கோலியாவிலும் உண்டு. 1946இல் தாதொங்குடன் சேர்த்துப் பேசப்படும் ஜினிங் மங்கோலியப் பக்கத்தது. ஹுவாங்பு என்றால் 1924இல் படைப்பள்ளி தொடங்கிய குவாங்ஜோவின் தீவா, ஷாங்காயின் ஆறா? பழைய எழுத்துக்கூட்டில் அவை வாம்போவா, வாங்பூ என்று பிரிந்திருந்தன. குன்லுன் கணவாய் என்றவுடன் திபெத்துக்கு வடக்கே உள்ள மலைத்தொடருக்கு ஓடிவிடாதீர்கள். 1939 டிசம்பர் இறுதியில் சீனத் தளபதி து யுமிங்கின் படை ஜப்பானியரிடமிருந்து மீட்ட குன்லுன் கணவாய் தெற்கே, குவாங்ஷியில், நான்னிங் நகருக்குப் பக்கத்தில் உள்ளது. இங்கே எழுத்தும் ஒன்று, தொனியும் ஒன்று. சீன எழுத்தைப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது.

இதுவரை சொன்னவை ஆங்கிலம் கொடுத்த தொல்லைகள். இனி நம் வீட்டுத் தொல்லை.

தமிழர்களுக்கு இஸட்-எச் என்ற இரட்டையைக் கண்டால் கை தானாக ழகரத்துக்குப் போகிறது. நம் மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் அப்படித்தானே எழுதுகிறோம்! அதனால் ஜெங்ஜோ 'ழெங்ழௌ' ஆகிறது. பின்யினின் இஸட்-எச்சுக்கும் ழகரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நா மடித்துச் சொல்லும் ஜகரம் அது. எக்ஸைக் கண்டால் 'க்ஸ்' வேண்டாம், ஷகரம். கியூவுக்குப் பின்னால் 'கு' வேண்டாம், சகரம். தனி சி எழுத்து 'ட்ஸ்'. 1842 மார்ச் 15 அன்றும் மீண்டும் 1862 செப்டம்பரிலும் சமர் நடந்த, நிங்போவை அடுத்த ட்ஸஷி நகரைத் தமிழில் 'சிக்ஸி' என்று எழுதினால், பின்னாளில் ஆண்ட பேரரசி ட்ஸஷியோடும் போட்டுக் குழப்பி வைப்பார்கள். பின்யினில் இருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டு, சீன எழுத்தில் வேறு.

பி, டி, ஜி (b, d, g) எழுத்துகளுக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சீனத்தில் அவை அதிராத, மூச்சில்லாத ஒலிகள். சொல் முதலில் வரும் நம் பகரமும் தகரமும் ககரமும் அவற்றுக்கு ஆங்கில எழுத்தைவிட நெருக்கம். 1858, 1859, 1860, 1900 என நான்கு முறை தாக்கப்பட்ட கோட்டைகளைப் பழைய ஆங்கில நூல்கள் Taku என்றும் புதிய நூல்கள் Dagu என்றும் எழுதுகின்றன. தமிழில் 'தாகு' என்று ஒருமுறை எழுதினால் போதும், இரண்டு விளக்கின் நிழலும் அங்கே சேர்ந்துவிடும். பல் ஒலிக்குத் தகரமே சரி. தைவானைத் 'டைவான்' என்று நாம் எழுதுவதில்லையே. ஆனால் நான்கு தாகு சமர்களில் 1859இல் தோற்றது பிரிட்டிஷார் என்பதால் ஆண்டில்லாத 'தாகு சமர்' என்ற தலைப்பு பயனற்றது.

உண்மையான கண்ணி ன்-ங் வேறுபாடு. தமிழ்க் காது இதை நன்றாகவே கேட்கும், எழுத்தும் இருக்கிறது. அவசரத்தில்தான் விட்டுவிடுகிறோம். ஷாங்காய் என்றால் கடல்மேல். ஷான்ஹாய்குவான் என்றால் மலையும் கடலும் சேரும் கணவாய், பெருஞ்சுவர் கடலைத் தொடும் இடம். 1644 மே 27 அன்று மிங் தளபதி வு சான்குய் மஞ்சுக்களோடு சேர்ந்து கிளர்ச்சித் தலைவர் லி ஸிசெங்கைத் தோற்கடித்தது இங்கே. 1932 ஜனவரி 28 அன்று ஜப்பானியர் தாக்கியது ஷாங்காயை. 1933 ஜனவரி 1 முதல் 3 வரை தாக்கியது ஷான்ஹாய்குவானை. ஒரே பகைவர், ஒரே மாதம், ஓராண்டு இடைவெளி. 'ஷாங்காய் கணவாய்' என்று எழுதிவிட்டால் திருத்துநர் கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியாது.

இன்னொரு இணை: மங்கோலியர் 1268 முதல் 1273 வரை முற்றுகையிட்டு, மேற்காசியப் பொறியாளர்கள் செய்த பெருங்கவண்களால் பணியவைத்த நகர் ஷியாங்யாங், ஹுபெயில். சின் பேரரசின் தலைநகரம் ஷியென்யாங், ஷீஆன் பக்கத்தில். ஆங்கிலத்தில் ஒரே ஒரு ஜி-தான் வித்தியாசம். ஆனால் பின்யினில் ஐ-ஏ-என் என்று முடியும் அசையைச் சீனர்கள் 'இயென்' என்றே ஒலிக்கிறார்கள். அப்படியே எழுதினால் தமிழில் இரண்டும் எட்ட விலகிவிடும். எழுத்தைப் பெயர்க்காமல் ஒலியைப் பெயர்த்தால் கிடைக்கும் ஆதாயம் இது.

அரச மரபுகளிலும் இதே கதை. கி.பி. 383 ஃபெய் ஆற்றுச் சமர் முன்னைச் சின்னுக்கும் கிழக்கு ஜின்னுக்கும் இடையில் நடந்தது. ஜகரத்தைச் சகரமாக எழுதும் பிடிவாதம் உள்ளவர்கள் இதை 'சின்–சின் போர்' என்று எழுதிப் பார்க்கட்டும், யார் வென்றார் என்று அவர்களே சொல்லட்டும். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பது உங்கள் பதிப்பகக் கொள்கை என்றால் அதை மதிக்கிறோம். அப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுத்தின் பொருளையோ மாகாணத்தையோ தருவது விருப்பமாக இராது, கட்டாயமாகிவிடும்.

ஷான்சி என்று இரண்டு மாகாணம் அடுத்தடுத்து உண்டு. தொனி மட்டுமே வேறு. பின்யினே இங்கே தன் விதியை மீறி மேற்கு மாகாணத்துக்கு ஓர் ஏ-வைக் கூடுதலாகப் போட்டது. தமிழில் ஆகாரத்தை இரட்டிக்க வழியில்லை. பழைய அஞ்சல் முறை செய்ததைச் செய்யுங்கள்: தாய்யுவான் இருக்கும் கிழக்கு மாகாணம் ஷான்சி, ஷீஆனும் யான்ஆனும் இருக்கும் மேற்கு மாகாணம் ஷென்சி. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். 1937 தாய்யுவான் சமரையும் 1947 யான்ஆன் சமரையும் ஒரே மாகாணத்தில் போடுவதற்கு அது மேல்.

அடுத்து, ஊரே இல்லாத ஊர்கள். பிங்ஜின் என்று சீனத்தில் ஒரு நகரமும் கிடையாது. பெய்பிங்கின் பிங், தியென்ஜினின் ஜின், அவ்வளவே. சொங்ஹு என்பது வூசொங் துறையும் ஷாங்காயின் குறும்பெயரான ஹுவும். ஜாவோயி என்பது ஜாவோயாங்கும் யிசாங்கும். ஹுவாய்ஹாய் என்பது ஹுவாய் ஆறும் ஹாய்ஜோ நகரும். அதே போர்த்தொடரைத் தேசியவாதிகள் ஷ்யூஜோவையும் பெங்புவையும் சேர்த்து ஷ்யூபெங் என்றார்கள். இரு பெயரும் ஒரே நிகழ்வு, 1948 நவம்பர் 6 முதல் 1949 ஜனவரி 10 வரை. மாகாணக் குறும்பெயர்கள் இன்னும் மோசம். ஜெகான் என்பது ஜெஜியாங்கும் ஜியாங்ஷியும், ஏனெனில் ஜியாங்ஷியின் குறும்பெயர் கான். 1943இன் மேற்கு ஹுபெய்ச் சமர் பின்யினில் மூன்றே எழுத்து. அதை 'எக்ஸி' என்று படிக்கும் தமிழ் வாசகரைக் குறை சொல்ல முடியாது. இத்தகைய கூட்டுப் பெயர்களை ஒலிபெயர்க்கவே வேண்டாம். பிரித்து எழுதுங்கள்: பெய்பிங்–தியென்ஜின் போர்த்தொடர், ஜெஜியாங்–ஜியாங்ஷி போர்த்தொடர்.

பெய்பிங் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். 1928 முதல் 1949 வரை அந்த நகரின் பெயர் அதுதான். சமர் நடந்த நாளில் ஊருக்கு இருந்த பெயரைத் தலைப்பில் வையுங்கள், இன்றைய பெயரை முதல் வரியில் அடைப்புக்குள் கொடுங்கள். தலைகீழாகச் செய்தால் என்ன நேரும் என்பதற்கு வியட்நாம் எல்லையில் ஒரு கணவாய் இருக்கிறது. 1885 மார்ச்சில் பிரெஞ்சுப் படையைச் சீனர்கள் விரட்டிய அந்தக் கணவாய்க்கு அன்று ஜென்னான்குவான் என்று பெயர், தெற்கை அடக்கும் கணவாய். 1953இல் முனான்குவான் ஆயிற்று. 1965இல் யோயிகுவான், அதாவது நட்புக் கணவாய். 'நட்புக் கணவாய்ச் சமர், 1885' என்று எழுத யாருக்கு மனம் வரும்? பிரெஞ்சு நூல்கள் இதே சமரைப் பாங்போ என்ற வேறொரு பெயரில் சொல்கின்றன.

ஊர்ப்பெயர் சமரிலிருந்தே பிறந்திருக்கவும் கூடும். கி.பி. 208இன் செம்பாறைச் சமர் எங்கே நடந்தது என்பது தீராத வழக்கு. ஹுபெயில் இன்று ஒரு செம்பாறை நகர் இருக்கிறதே என்று நிலப்படத்தைக் காட்டாதீர்கள். பூச்சி என்ற அந்த ஊர் 1998இல்தான் செம்பாறை என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. கவிஞர் சூ ஷி 1082இல் படகில் போய்ப் பாடிய செம்பாறை ஹுவாங்ஜோவில் உள்ளது, வேறிடம். இதைச் சீன ஒலியில் 'சிபி சமர்' என்று எழுதுவோரும் உண்டு. தமிழ் வாசகருக்குப் புறாவும் தராசும்தான் நினைவுக்கு வரும். பொருள் தெளிவாக உள்ள பெயரைப் பெயர்த்தே எழுதுங்கள்.

பிறமொழி வழியாக வந்து நிலைத்த பெயர்களை மட்டும் நோண்ட வேண்டாம். 1904–05இன் போர்ட் ஆர்தர் முற்றுகை அந்தப் பெயரிலேயே இருக்கட்டும், லூஷுன் என்பது முதல் வரியில் வரட்டும். முக்டென் சமர் (1905) முக்டெனாகவே இருக்கட்டும். ஷென்யாங், ஃபெங்தியென், ஜப்பானிய ஹோட்டென் மூன்றும் அதே நகர் என்று சொல்லிவிடுங்கள். 1931 செப்டம்பர் 18 முக்டென் சம்பவத்துக்கு ரயில் பாதை வெடித்த இடத்தின் பெயரையும் வைப்பதுண்டு. லியுதியாவோஹு என்பதே சரி. லியுதியாவோகோ என்று நெடுங்காலம் தவறாக எழுதப்பட்டு வந்தது. கொரியாவின் ஜாங்ஜின் நீர்த்தேக்கம் அமெரிக்கப் படையிடம் இருந்த ஜப்பானிய நிலப்படத்தால் சோசின் ஆயிற்று, சீனர் வாயில் சாங்ஜின். 1950 நவம்பர் 27 தொடங்கிய சமருக்கு மூன்று பெயர், ஓர் ஏரி.

இதற்கு எதிர்மாறாக, ஒரு பெயருக்கு இரண்டு சமர்: 1894 செப்டம்பர் 17 கடற்சமரை யாலு என்றும் மஞ்சள் கடல் என்றும் சொல்கிறார்கள். யாலு என்று 1904 மே 1 அன்று முடிந்த தரைச்சமரும் உண்டு. மஞ்சள் கடல் என்று 1904 ஆகஸ்ட் 10 கடற்சமரும் உண்டு. 'யாலு கடற்சமர் (1894)', 'யாலு ஆற்றுச் சமர் (1904)', 'மஞ்சள் கடற்சமர் (1904)' என்று வைத்தால் சண்டை தீர்ந்தது.

நாங்கள் 'சமர்' என்றே எழுதிவருவதற்குக் காரணம் உண்டு. போர் என்ற ஒரே சொல்லைச் சீன–ஜப்பானியப் போருக்கும் அதன் நடுவே ஓர் ஊரில் நடந்த மோதலுக்கும் பயன்படுத்தினால் வாசகர் திணறுவார். ஈழத் தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு ஏற்கெனவே தெளிவாக உள்ளது: போர் முழுமை, சமர் ஒரு களம். சீனரும் பிரித்தே சொல்கிறார்கள். ஜான்ஜெங் என்றால் போர், ஜான்யி என்றால் போர்த்தொடர், ஷிபியென் என்றால் சம்பவம். தேசியவாதிகள் வழங்கிய ஹுவெய்ஜான் என்ற சொல் பெருஞ்சமர். சாங்ஷாவில் மட்டும் 1939, 1941 இலையுதிர்காலம், 1941–42 குளிர்காலம், 1944 என நான்கு முறை நடந்தது. நான்காவதை ஹெங்யாங்குடன் சேர்த்துத் தனிப் பெயரில் எண்ணும் பட்டியல்களும் உள்ளதால், 'மூன்றாம் சாங்ஷா' என்ற எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஒவ்வொரு சமருக்கும் ஓர் அட்டை போடுங்கள், கணினியில் ஒரு வரிசை என்றாலும் சரி. சீன எழுத்துகள், அவற்றின் பொருள், தொனி. அன்றைய பெயர், இன்றைய பெயர். மாகாணம், அதோடு பக்கத்துப் பெருநகரோ ஆறோ ரயில் பாதையோ. மாகாணம் மட்டும் போதாது என்பதை ஜின்ஜோ காட்டிவிட்டது. மோதிய தரப்புகள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜப்பானியத்திலும் வழங்கும் பிற பெயர்கள். பிறகு நாள். நாளில் கவனம் வேண்டும். சீனம் 1912 ஜனவரி 1 அன்றுதான் நமக்குப் பழக்கமான நாட்காட்டிக்கு மாறியது. யாலு கடற்சமர் சீன ஆவணத்தில் எட்டாம் மாதம் 18ஆம் நாள். அதை ஆகஸ்ட் 18 என்று பெயர்த்தால் ஒரு மாதம் போயிற்று. ரஷ்ய ஆவணங்கள் 1900க்குப் பின் 13 நாள் பிந்தியவை: முக்டென் சமர் அங்கே பிப்ரவரி 25இல் முடியும், நம் கணக்கில் மார்ச் 10.

அட்டை நிரம்பாமல் தலைப்பு எழுதாதீர்கள். சீன எழுத்து கிடைக்காத பெயரென்றால் ஆங்கில நூலின் சொல்லடைவில் தேடுங்கள். பின்யின் நூல்கள் பலவற்றில் பின்னிணைப்பாக எழுத்துப் பட்டியல் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் நாளையும் தளபதி பெயரையும் வைத்துச் சீன, ஜப்பானிய நூல்களில் பிடிக்கலாம். படைத்தலைவர் எங்கே இருந்தார் என்பது ஊர்ப்பெயரைவிட அரிதாகவே மாறாட்டம் ஆகிறது.

நிலப்படக்காரருக்கும் இதே அட்டையைக் கொடுங்கள். பாடத்தில் முக்டென், படத்தில் ஷென்யாங் என்று வந்தால் மாணவர் இரண்டு நகரம் என்றே படிப்பார், தேர்விலும் அப்படியே எழுதுவார். சொல்லடைவில் பழைய பெயர் ஒவ்வொன்றுக்கும் 'காண்க' என்று ஒரு வரி: கின்சௌ, காண்க ஜின்ஜோ (தாலியென் அருகில்). சின்சௌ, காண்க ஜின்ஜோ (லியாவோநிங் மேற்கு). புதிய நூல்களுக்கு இதை இன்றே தொடங்கலாம். மறுபதிப்பு நூல்களில் எல்லாவற்றையும் மாற்றக் காலமும் காசும் இல்லை என்றால், இந்த மடலில் சொன்ன ஜின்ஜோ, சூஜோ, ஷான்ஹாய்குவான், யாலு ஆகிய நான்கை மட்டும் முதலில் தேடித் திருத்திவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சீன வரலாற்றைத் தமிழில் எழுதியும் மெய்ப்புத் திருத்தியும் வருவோர்